மறுமலர்ச்சிக் கட்டடக்கலை: ஒரே சதுக்கத்தில் நின்று புரிந்துகொள்ளலாம்

இத்தாலிக்குப் போய் வந்தவர்கள் போடும் படங்களுக்குக் கீழே “மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலை” என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பீசாவின் சாய்ந்த கோபுரத்துக்கும் அதே வரி. மிலான் பேராலயத்துக்கும் அதே வரி. ரோமில் புனித பேதுரு சதுக்கத்துக்கும் அதே வரி. மூன்றுமே அந்த வகையைச் சேர்ந்தவை இல்லை. மறுமலர்ச்சி என்பது 1400-களில் இத்தாலியில் எழுந்த கலை அலை. பீசா கோபுரம் 1173-ல் தொடங்கியது, அதற்கு இருநூறு வருடங்களுக்கும் மேல் மூத்தது. மிலான் பேராலயம் 1386-ல் தொடங்கிய கோதிக் கட்டடம், அது இடைக்கால நடை. பேதுரு சதுக்கத்தின் தூண் வரிசையைப் பெர்னினி 1656-க்குப் பிறகு கட்டினார், அது மறுமலர்ச்சிக்கு அடுத்து வந்த பரோக் நடை.

பார்க்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பழையதாக, பெரியதாக, நாலு சிலையோடு இருந்தால் மறுமலர்ச்சி என்றுதான் நமக்குப் பழகியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ஒரு கட்டடத்தை யோசிக்கும் முறையைக் குறிக்கிறது. அந்த முறை பிடிபட்டுவிட்டால் ஒரு சுவரைப் பார்த்ததுமே இது அந்த வகையா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு இத்தாலி முழுக்கச் சுற்ற வேண்டாம், ஃபுளோரன்ஸில் ஒரே ஒரு சதுக்கம் போதும்.

எந்தச் சதுக்கம்?

ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் பக்கத்திலிருந்து வியா தெய் செர்வி என்ற தெரு நூல் பிடித்த மாதிரி நேராக வடகிழக்கே போகிறது. சில நிமிட நடைதான். தெரு முடிந்ததும் வெளிச்சம் சட்டென்று அகலமாகும். அதுதான் சாந்திசிமா அனுன்சியாத்தா பியாட்சா. பியாட்சா என்றால் கட்டடங்கள் சூழ்ந்த திறந்தவெளி, ஊர்ச் சதுக்கம். உள்ளே வந்து திரும்பிப் பாருங்கள், நடந்து வந்த தெருவின் மறுமுனையில் பேராலயத்தின் செங்கல் நிறக் குவிமாடம் நிற்கும்.

எதிரே அனுன்சியாத்தா தேவாலயம். நடுவில் குதிரைமேல் முதலாம் ஃபெர்தினாந்தோ தே மெதிச்சியின் வெண்கலச் சிலை, ஜம்போலோஞ்ஞா தொடங்கி பியேத்ரோ தாக்கா முடித்தது, 1608-ல் நிறுவியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீரூற்றுகள். இவை எல்லாம் இருக்கட்டும். உங்கள் வலப்பக்கம் படிகளுக்கு மேலே ஒன்பது வளைவுகள் வரிசையாக நிற்கின்றன, இல்லையா? நாம் பார்க்க வந்தது அதைத்தான்.

அதன் பெயர் ஒஸ்பெதாலே தெலி இன்னோசென்ட்டி. பெயரில் ‘ஒஸ்பெதாலே’ இருந்தாலும் இன்றைய பொருளில் மருத்துவமனை இல்லை, கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லம். 1419-ல் நகரின் பட்டுத் தொழில் கில்ட் இதைக் கட்ட முடிவெடுத்தது. கில்ட் என்பது ஒரே தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம், அன்றைய ஃபுளோரன்ஸில் நகரை ஆண்டதே பெரும்பாலும் இந்தச் சங்கங்கள்தான். பொற்கொல்லர்களும் பட்டுக்காரர்களின் கில்டில்தான் சேர்ந்திருந்தார்கள். அப்படி உறுப்பினராக இருந்த ஒரு பொற்கொல்லரிடமே வேலையை ஒப்படைத்தார்கள். அவர் ஃபிலிப்போ புருனெலெஸ்கி. அடுத்த வருடமே, 1420-ல், பேராலயத்தின் அந்தக் குவிமாட வேலையும் அவர் தலைமையில் தொடங்கியது.

கட்டடத்தின் முன்னால் இருக்கும் வளைவு வரிசைக்கு லோஜியா என்று பெயர். கூரை உண்டு, பின்னால் சுவர் உண்டு, முன்பக்கம் மட்டும் திறந்தே இருக்கும், அங்கே சுவருக்குப் பதில் தூண்கள். திண்ணையை உயர்த்தி நீளமாக இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. மழைக்கு ஒதுங்கலாம், வெயிலுக்கு உட்காரலாம். வீடும் தெருவும் கைகுலுக்கும் இடம் அது.

டம்ளர் கணக்கு

இட்லிக்கு அரைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்பார்கள். எந்த டம்ளர் என்று யாரும் கேட்பதில்லை. பெரிய டம்ளரால் அளந்தால் மாவு அதிகம் வரும், சின்னதால் அளந்தால் குறைவாக வரும், இட்லி ஒரே மாதிரிதான் வரும். கிராம் கணக்கு இல்லாமலே சமையல் சரியாக வருவதற்குக் காரணம், ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளப்பது. அரிசிக்கு ஒரு டம்ளரும் உளுந்துக்கு வேறொரு டம்ளரும் எடுத்தால் கதை கெட்டது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று அந்த டம்ளர், எல்லாவற்றையும் அளக்கும் ஒரே அளவு. கட்டடக்கலையில் அதற்கு அலகு என்று பெயர். இன்னொன்று நாலுக்கு ஒன்று என்ற உறவு. அதற்கு விகிதம் என்று பெயர்.

இன்னோசென்ட்டி லோஜியாவின் டம்ளர் எது? அன்றைய ஃபுளோரன்ஸில் துணியையும் நிலத்தையும் பிராச்சோ கணக்கில் அளந்தார்கள். பிராச்சோ என்றால் இத்தாலிய மொழியில் கை. நாம் பூவை முழம் போடுகிற மாதிரிதான், அவர்களுடைய முழம் கொஞ்சம் நீளம், சுமார் 58 சென்டிமீட்டர். பட்டு வணிகர்கள் தினமும் துணி அளந்த அதே கை அளவுதான் அவர்கள் கட்டிய இல்லத்துக்கும்.

இப்போது லோஜியாவுக்குள் ஏறி ஒரு தூண் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு 10 பிராச்சோ. தூணின் உயரம் 10 பிராச்சோ. தூணிலிருந்து பின்சுவருக்கு 10 பிராச்சோ. அதாவது நீங்கள் நிற்கும் இடம் ஏறக்குறைய 5.8 மீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம், பெரிய பகடைக்காயின் உள்ளே நிற்கிற மாதிரி. மேலே வளைவு சரியான அரைவட்டம், அகலத்தில் பாதி, 5 பிராச்சோ. ஆகவே தரையிலிருந்து வளைவின் உச்சிக்கு அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. இதே பகடைக்காயை ஒன்பது முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லோஜியா. ஒவ்வொரு வளைவின் உச்சிக்கும் நேர் மேலே மாடியில் ஒரு ஜன்னல்.

அளந்து பார்க்காமலே இது மனதுக்குத் தெரிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு வளைவைப் பார்த்துவிட்டால் மற்ற எட்டையும் கண் தானாகப் புரிந்துகொள்கிறது. இதைத்தான் அமைதி, அழகு, கம்பீரம் என்று நாம் வாய்க்கு வந்த பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஓர் அலகை எடுத்துக்கொள், எல்லாவற்றையும் அதன் எளிய மடங்காக வை, பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியும்படி விடு. சிலையும் பளிங்கும் இல்லாமலே ஒரு கட்டடம் மறுமலர்ச்சிக் கட்டடமாக இருக்கலாம். இங்கே இருப்பது வெள்ளைப் பூச்சும் பியேத்ரா செரேனா என்ற சாம்பல் நிற மணற்கல்லும்தான். கல் இருக்கும் இடமெல்லாம் கணக்கின் கோடு, வெள்ளை இருக்கும் இடமெல்லாம் காலி இடம். நோட்டில் பென்சிலால் போட்ட வரைபடத்தை அப்படியே நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கிறது.

இவ்வளவு ஒல்லியான தூண் எப்படித் தாங்குகிறது?

பார்க்கிறவர்களுக்கு வரவேண்டிய கேள்வி இது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தூண்கள் அவ்வளவு மெல்லியவை. மேலே வளைவு, அதற்கு மேலே ஒரு மாடி.

வண்ணம் அடிப்பவர்கள் கொண்டுவரும் இரட்டை ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆள் ஏறியதும் இரண்டு காலும் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். வளைவும் அதே காரியத்தைத்தான் செய்கிறது, மேலிருந்து வரும் எடையைக் கீழே அனுப்புவதோடு இரண்டு பக்கமும் தள்ளவும் செய்கிறது. அந்தத் தள்ளலைப் பக்க உதைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஏணி விலகாமல் இருக்க இரண்டு வழி உண்டு. வெளியே இருந்து இரண்டு பேர் காலை மிதித்துப் பிடித்துக்கொள்ளலாம். அல்லது இரண்டு காலுக்கும் நடுவே ஒரு சங்கிலி கட்டிவிடலாம்.

ஆல்ப்ஸுக்கு வடக்கே கோதிக் பேராலயங்களைக் கட்டியவர்கள் முதல் வழியில் போனார்கள். அங்கே சுவருக்கு வெளியே பெரிய கல் முட்டுகள் நிற்பது அதனால்தான். புருனெலெஸ்கி இரண்டாவது வழியை எடுத்தார். லோஜியாவுக்குள் நின்று தலையைத் தூக்கினால் தூண் தலையிலிருந்து குறுக்கே ஓடும் இரும்புக் கம்பிகள் தெரியும். அவைதான் அந்தச் சங்கிலி. பலர் இவற்றைப் பின்னால் யாரோ பழுதுபார்க்கப் போட்ட கம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். உதைப்பைக் கம்பி வாங்கிக்கொள்வதால் தூணுக்கு நேரே கீழ்நோக்கிய எடையைத் தாங்குவது மட்டும்தான் வேலை. அதனால் ஒல்லியாக இருக்கலாம், நடுவே நிறைய வெளிச்சமும் காற்றும் வரலாம்.

கண்ணை மனதில் வைத்துக் கட்டியது

சரி, அளவும் விகிதமும் எகிப்தியர்களுக்கும் கிரேக்கர்களுக்கும் கோதிக் கொத்தனார்களுக்கும் தெரியாதா? நன்றாகவே தெரியும். அப்படியானால் 1419-ல் புதிதாக என்ன வந்தது?

பார்க்கிறவர் நிற்கும் இடம் கணக்குக்குள் வந்தது.

நெடுஞ்சாலையில் போகும்போது மின்கம்பங்கள் தூரத்தில் போகப்போகக் குட்டையாகி, நெருக்கமாகி, ஒரு புள்ளியில் மறைவதைப் பார்த்திருப்போம். கம்பங்கள் ஒரே உயரம், ஒரே இடைவெளி என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அவை சிறுப்பதை வைத்து தூரத்தை மதிப்பிட முடிகிறது. இப்படிக் கண்ணுக்குச் சிறுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அதற்குப் பெர்ஸ்பெக்டிவ் என்று பெயர். அந்தக் கணக்கைச் செய்து காட்டிய ஆள் என்று புருனெலெஸ்கியைத்தான் சொல்கிறார்கள்.

அவர் செய்த சோதனையை, அவர் வாழ்க்கையை எழுதிய அந்தோனியோ மானெத்தி விவரமாகப் பதிந்து வைத்திருக்கிறார். பேராலயத்தின் வாசலுக்குள் நின்று, எதிரே இருக்கும் ஞானஸ்நான மண்டபத்தைச் சின்னப் பலகையில் வரைந்தார். வானம் வரவேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டாமல், மெருகேற்றிய வெள்ளியை வைத்தார். பலகையில் பயறு அளவுக்கு ஒரு துளை. பார்க்கிறவர் பலகையின் பின்பக்கம் கண்ணை வைத்துத் துளை வழியே பார்க்க வேண்டும், இன்னொரு கையில் கண்ணாடி. கண்ணாடியில் தெரியும் ஓவியம் நிஜ மண்டபத்தைப் போலவே இருக்கும், வெள்ளியில் நிஜ மேகம் காற்றில் நகரும். அந்தப் பலகை இன்று இல்லை. மானெத்தி அதைக் கையில் பிடித்துப் பலமுறை பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

இப்போது லோஜியாவின் ஒரு முனைக்குப் போய் மறுமுனையைப் பாருங்கள். ஒரே அளவான ஒன்பது பகடைக்காய்களும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும். இடைவெளிகள் ஆளுக்கொரு அளவில் இருந்திருந்தால் இது வெறும் தூண் கூட்டமாகத் தெரிந்திருக்கும். சமமாக இருப்பதால் தூரம் கண்ணுக்குப் பிடிபடுகிறது. ஓவியர்கள் பலகையில் வரைய ஆசைப்பட்ட ஆழத்தைப் புருனெலெஸ்கி இங்கே கல்லில் நிற்க வைத்திருக்கிறார்.

ரோமைப் பார்த்து எழுதியதா?

பழைய ரோமின் கட்டடங்களை நகலெடுத்ததுதான் மறுமலர்ச்சி என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் சரி. புருனெலெஸ்கி ரோமுக்குப் போய் இடிபாடுகளை அளந்தார் என்று மானெத்தி சொல்கிறார். அரைவட்ட வளைவு, இலை செதுக்கிய தூண் தலை எல்லாம் அந்தப் பழைய சொற்களஞ்சியம்தான். ஆனால் வாக்கியம் வேறு. கொலோசியத்தில் வளைவைத் தாங்குவது கனமான கல் கால், தூண் அதன்மேல் ஒட்டவைத்த அலங்காரம். இன்னோசென்ட்டியில் தூணே வளைவைத் தாங்குகிறது.

தவிர, ஃபுளோரன்ஸ்காரர்கள் ரோமானியக் கோயில் என்று நம்பிக்கொண்டிருந்த ஞானஸ்நான மண்டபம் உண்மையில் இடைக்காலக் கட்டடம். ‘பழைய ரோம்’ என்று அவர்கள் கற்றதில் ஒரு பகுதி சொந்த ஊரிலேயே, ரோமுக்கு ஆயிரம் வருடம் பிந்தி எழுந்தது.

இதையொட்டி ஒரு கதை. 1427 வாக்கில் புருனெலெஸ்கி இந்த வேலையிலிருந்து விலகிவிட்டார், பிறகு ஃபிரான்செஸ்கோ தெல்லா லூனா தொடர்ந்தார். வளைவுகளுக்கு மேலே கிடையாக ஓடும் கல் பட்டை ஓரத்தில் சட்டென்று மடங்கிச் சுவரோடு கீழே இறங்குவதைக் கவனியுங்கள். கிடையாக ஓட வேண்டிய உத்திரம் கீழ்நோக்கி வளைவது இலக்கணப் பிழை மாதிரி. ஏன் இப்படிச் செய்தாய் என்று புருனெலெஸ்கி கேட்டாராம். ஞானஸ்நான மண்டபத்தில் இருப்பதைப் பார்த்துச் செய்தேன் என்று பதில் வந்ததாம். அந்தக் கட்டடத்தில் இருப்பதே ஒரு தப்புதான், அதைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறாய் என்றாராம். கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதி வைத்த கதை இது. நடந்ததோ இல்லையோ, பழையதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் அன்றைய சண்டை என்று இதிலிருந்து தெரிகிறது. ‘மறுபிறப்பு’ என்ற பொருளில் ரினாஷித்தா என்ற சொல்லை 1550-ல் அச்சில் பரப்பியவரும் அதே வசாரிதான்.

எதிர்ப்பக்கம் வந்தவர்

இதுவரை ஒரு கட்டடத்தைப் பற்றித்தான் பேசினோம். சதுக்கம் எப்படி வந்தது?

இதற்கு நடுவில் போய் நிற்க வேண்டும். குழந்தைகள் இல்லத்தின் நேர் எதிரே, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்பது வளைவுகளோடு இன்னொரு லோஜியா. முதலில் பார்க்கிறவர் இரண்டையும் ஒருவரே ஒரே சமயத்தில் கட்டினார் என்றுதான் நினைப்பார். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நூறு வருடம். தேவாலயத்தை நடத்திய செர்வி துறவிகளுக்காக 1516-ல் மூத்த அந்தோனியோ த சங்கல்லோவும் பாச்சோ தாஞ்ஞோலோவும் அதைத் தொடங்கினார்கள். புருனெலெஸ்கி இறந்து எழுபது வருடம் ஆகியிருந்தது. அதற்குள் கட்டடக்கலையின் நடையும் மாறிவிட்டிருந்தது. சங்கல்லோவும் சாதாரண ஆள் இல்லை, தன் பெயரைச் சொல்ல புதிதாக ஏதாவது எழுப்பியிருக்கலாம். அவர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார், அதே வளைவு, அதே தாளத்தை எடுத்துக்கொண்டார். அப்புறம் 1600-ஐ ஒட்டி, ஜொவான்னி பத்திஸ்தா கச்சீனி தேவாலயத்தின் முன்னால் வளைவு வரிசை எழுப்பி மூன்றாவது பக்கத்தையும் சேர்த்துவிட்டார்.

அமெரிக்க நகரத் திட்டமிடலாளர் எட்மண்ட் பேகன் இந்த இடத்தை வைத்தே ‘இரண்டாம் மனிதரின் விதி’ என்று ஒன்றைச் சொன்னார். முதலில் கட்டியவரின் வேலை தொடருமா அழியுமா என்பதை முடிவு செய்வது அடுத்து வருகிறவர்தான் என்பது அதன் சாரம். புருனெலெஸ்கி கட்டியது ஒரு கட்டடத்தின் முகப்பு. அதைச் சதுக்கமாக்கியது சங்கல்லோவின் அடக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுற்றுலா வருகிறவர்களில் அவர் பெயரை யாரும் கேட்பதில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

அலகு, விகிதம், பார்க்கிறவரின் இடம், இந்த மூன்றும் ஒரு முகப்பிலிருந்து எதிர் முகப்புக்குத் தாவும்போது நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கும் வடிவம் வந்துவிடுகிறது. நிற்கும் இடம் கூரையில்லாத ஓர் அறையாகிவிடுகிறது. வேறு ஊர்ச் சதுக்கங்களில் இதைத் தேடிப் பார்க்கலாம். சியேனாவின் காம்போவில் இது கிடைக்காது. அது இடைக்காலத்தது, சிப்பி மாதிரி சரிந்து விரியும், வேறு வகையில் அற்புதம். பியென்சாவின் சின்னச் சதுக்கத்தில் கிடைக்கும். 1459-ல் தொடங்கி சில வருடங்களில் பெர்னார்தோ ரொசெல்லீனோ முடித்தது, தரையிலேயே கட்டம் போட்டிருக்கும்.

வளைவுகளுக்கு நடுவே குழந்தைகள்

கிளம்புவதற்கு முன் மறுபடி வலப்பக்கம் வாருங்கள். இரண்டு வளைவுகள் சந்திக்கும் முக்கோண இடங்களில் வட்டமான குழிகள். புருனெலெஸ்கி அவற்றை வெறுமையாகத்தான் விட்டிருந்தார். 1487 வாக்கில் ஆந்த்ரேயா தெல்லா ராபியா அவற்றில் நீல வட்டத்தில் வெள்ளைக் குழந்தைகளைச் செய்து வைத்தார், சுட்ட மண்ணில் பளபளக்கும் மெருகு பூசியவை. எல்லாம் ஒரே குழந்தை என்று கடந்துபோய்விடாதீர்கள். அன்றைய வழக்கப்படி இடுப்புக்குக் கீழே துணிப்பட்டை சுற்றியிருக்கிறது, ஆனால் சுற்று ஒன்றில் இருப்பதுபோல் இன்னொன்றில் இல்லை. ஒருவனுக்கு இறுக்கமாக இருக்கிறது, இன்னொருவனுக்கு அவிழ்ந்து தொங்குகிறது. கைகள் மட்டும் எல்லோருக்கும் விரிந்திருக்கின்றன.

இல்லம் 1445 ஜனவரி இறுதியில் திறந்தது. பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது, பெண் குழந்தை. அன்று புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் ஆகத்தா என்று பெயர் வைத்தார்கள். ‘இன்னோசென்ட்டி’ என்ற குடும்பப் பெயர் இன்றும் அந்தப் பகுதியில் இருக்கிறது. இந்த இல்லத்தில் வளர்ந்தவர்களின் வழியில் வந்தது அது.

லோஜியாவின் இடது ஓரத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறது. குழந்தையை விட வந்தவர்கள் இருட்டில் வந்து அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். 1875-ல்தான் அதை மூடினார்கள். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் அந்தக் குழந்தைகளோடு வந்த பொருள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சின்னப் பதக்கங்கள், நாணயங்கள், துணித்துண்டுகள். பல பதக்கங்கள் பாதியாக உடைத்தவை. ஒரு பாதியைக் குழந்தையின் கழுத்தில் கட்டிவிட்டு மறுபாதியைத் தாய் எடுத்துக்கொண்டு போயிருப்பாள், என்றைக்காவது திரும்பி வந்தால் பொருத்திக் காட்டுவதற்கு.